கிராம சபையும் ஏரிப் பாசனமும்

ஊர் கூடினாலன்றித் தேர் நகராது என்பது யாவரும் அறிந்ததே. தேருக்குரிய இவ்விதி ஏரிக்கும் முற்றிலும் பொருந்தும். ஒரு குடியானவன் தன் நிலத்தைத் தானே உழுது, தானே விதைத்து, தானே களையெடுத்துக் கொள்ளலாம். ஆனால் ஏரிக்கரையைப் பலப்படுத்துவதும், வரத்துக்காலைத் தூர்வாருவதும் தனியொருவனால் ஆகக்கூடியவை அல்ல. மடையைத் தன் இஷ்டப்படி திறந்து மூடுவதோ ஒருவனுக்கும் தகாது. தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ளவை பெரும்பாலும் நீர்வள இலாகாவின் பொறுப்பிலும், ஏனையவை ஊராட்சி, ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருக்கின்றன. பொறுப்பு எவரிடம் இருப்பினும், அவ்வேரிகளால் விளையும் நன்மை அந்தந்த ஊரார் ஒருமித்துச் செய்யும் முடிவைப் பொறுத்ததே ஆகும்.

அவ்வாறு ஊரார் ஒருமித்துப் பேசுவதற்கெனச் சட்டம் வகுத்துள்ள இடம் கிராம சபை. 1992-ஆம் வருஷத்தில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-ஆம் தேதி அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தமும், அதனையொட்டி இயற்றப்பட்ட 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இச்சபைக்கு ஆதாரமாகும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும், நிலமுடையவராயினும் இல்லாதவராயினும், இதன் அங்கத்தினரே. முன்னர் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த இச்சபையை, மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து வருஷத்தில் ஆறு முறை கூட்ட வேண்டுமென்று 2022-ஆம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும், பயிர்த்தொழிலைப் பற்றிய முடிவுகள் சபையில் எடுக்கப்படுவது மிகவும் அரிதாகவே இருக்கின்றது. தெரு விளக்கு, குடிதண்ணீர்க் குழாய், சாலை ஆகியவற்றைக் குறித்து ஜனங்கள் முறையிடுவர், தீர்மானங்கள் வாசிக்கப்படும், கையெழுத்தான பின் கூட்டம் கலையும். இம்முறையீடுகள் நியாயமானவையே. எனினும், ஊராரின் பிழைப்புக்கு மூலமாகிய நீரைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் எழாதிருப்பின், சபை மனுக் கொடுக்கும் இடமாகுமேயன்றி, முடிவு செய்யும் இடமாகாது. இதுவே மாற வேண்டுவது.

ஏரியை ஊர்ச்சபை நிர்வகிப்பது இந்நாட்டிற்குப் புதிதன்று. செங்கற்பட்டுப் பிரதேசத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் வருஷங்களில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இதற்குச் சான்று. அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆட்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஏரி வாரியத்தில் அறுவர் 360 நாட்கள் பணியாற்றினர். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகுதியற்றவராயினர். ஆனால் அச்சபையில் இடம்பெற நிலமும் மனையும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கு இடமில்லை. ஆகவே, கணக்குக் காட்டும் கண்டிப்பையும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கையும் அவர்களிடமிருந்து கொள்ளலாம். எவரையும் வெளியே நிறுத்தும் வழக்கத்தைக் கொள்ளலாகாது.

பிற்காலத்தில் குடிமராமத்து என்னும் வழக்கத்தால் ஏரியும் வாய்க்காலும் பழுது பார்க்கப்பட்டு வந்தன. 1858-ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தைக் கட்டாயத்தால் நிலைநிறுத்த முயன்றது, முயற்சி பலிக்கவில்லை. பின்னர் 2000-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி ஏற்பட்டது. 2017-ஆம் வருஷத்தில் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஏரிகளைச் செப்பனிடும் திட்டமொன்று சர்க்காரால் தொடங்கப்பட்டது. இவற்றால் பல ஏரிகள் ஆழமாயின என்பது மெய்யே. ஆயினும், தூர்வாரிய ஏரியின் நீரை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதை ஊரார் முடிவு செய்யாதவரை, தூர்வாருதலின் பயன் பாதியே.

நிற்க. சபை கூடும் ஆறு நாட்களையும் பயிர்ப் பருவத்தோடு ஒப்பிட்டு நோக்கின், அவை உழவனுக்கெனவே குறித்த நாட்கள் போல அமைந்திருத்தலைக் காணலாம். பங்குனியில், மார்ச்சு 22-ஆம் தேதி, பெரும்பாலான ஏரிகள் வற்றிக் கிடக்கும். சபையார் ஏரிக்குள் இறங்கி, மடை, கலிங்கு, கரை, வரத்துக்கால் ஆகியவற்றை நேரில் பார்வையிட்டுச் செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஜாபிதா தயாரிக்க அதுவே தக்க காலம். மே முதல் தேதியன்று, சீமைக் கருவேல் மரங்களை அகற்றுவதையும், வண்டல் எடுத்துச் செல்லும் முறையையும் தீர்மானிக்கலாம். வண்டல் எடுக்கத் தாசில்தாரே அனுமதி வழங்க 2024-ஆம் வருஷத்தில் வகை செய்யப்பட்டதால், சிறு குடியானவர்களின் பெயர்களைச் சபையே திரட்டி ஒரே மனுவாக அனுப்புதல் எளிது. ஆகஸ்டு 15-ஆம் தேதி, செய்த வேலையின் கணக்கைக் கேட்டு, சம்பாவுக்கு வேண்டிய விதையையும், தக்கைப்பூண்டு, சணப்பை முதலிய பசுந்தாள் உர விதையையும் கணக்கிடலாம். அக்டோபர் 2-ஆம் தேதி, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், கரைக் காவலுக்கு ஆட்களை நியமிக்கலாம். நவம்பர் முதல் தேதி, ஏரியில் வந்த நீரை அளந்து, நீர்க்கட்டியின் கூலியை நிச்சயித்து, பெரும்பாலும் அம்மாத மத்தியில் முடிவுறும் சம்பாப் பயிர்க் காப்பீட்டுக் கெடுவை யாவருக்கும் நினைவூட்டலாம். ஜனவரி 26-ஆம் தேதி, எஞ்சிய நீருக்கேற்ற அடுத்த பயிரை முடிவு செய்யலாம்.

இக்கடைசிக் காரியமே எல்லாவற்றிலும் முக்கியமானது. நெற்பயிருக்கு ஒரு போகத்தில் ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். நிலக்கடலைக்குச் சுமார் 500. உளுந்து, பயறுக்குச் சுமார் 300. 100 ஏக்கர் ஆயக்கட்டுள்ள ஓர் ஏரியில் தை மாதத்தில் 40 ஏக்கர் நெல்லுக்குப் போதுமான நீரே நிற்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி நெல்லை நட்டால், கதிர் வாங்கும் சமயத்தில் மடை வறளும். மேல்மடைக்காரன் சிறிது அறுப்பான். கடைமடைக்காரன் விதையையும் உரத்தையும் இழந்து கடன்காரனாவான். அதே நீரை 20 ஏக்கர் நெல்லுக்கும் 80 ஏக்கர் உளுந்துக்கும் பகிர்ந்தால், கால்வாயில் கசியும் சேதத்தை நீக்கிப் பார்க்கும் கணக்கின்படி, 100 ஏக்கரும் பயிராகும். அந்த 20 ஏக்கர் எவருடையது என்பதே வழக்கு. வருஷத்திற்கு ஒரு மடைப் பிரிவென முறை வைப்பதா, வேறு வழி காண்பதா என்பதை இலாகா உத்தியோகஸ்தர் எவரும் சொல்லி நிறைவேற்ற இயலாது. நாற்று விடுமுன் ஊரார் கூடிச் சொன்னாலே அது நிற்கும்.

நிலமில்லாதவர் ஏரி நீரைப் பற்றிப் பேசலாமோ என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். ஏரி நீரால் கிணறுகள் ஊறுகின்றன. கால்நடைகள் தாகந் தீர்கின்றன. நடவும் களையெடுப்பும் செய்யும் பெண்களுக்கு அந்நீரின் அளவே கூலியின் அளவு. தலைமுறை தலைமுறையாக மடை காத்த நீர்க்கட்டிகளுள் பலர் ஒரு குழி நிலமும் இல்லாதவர். ஆயினும் ஏரியின் குணத்தை அவர்களைவிட அறிந்தவர் இலர். ஆதலின், எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு என்பதைச் சபை யாவர் முன்னிலையிலும் தீர்மானிப்பதும், வயலுக்கு வயல் நீர் விடும் முறையை ஆயக்கட்டுச் சங்கம் நடத்திச் சபைக்குக் கணக்குச் சொல்வதும் பொருத்தமாம். ஓர் ஏரியின் ஆயக்கட்டு இரண்டு மூன்று ஊர்களில் பரவியிருப்பின், அவ்வூர்ச் சபைகள் தத்தம் பிரதிநிதிகளை அனுப்பிக் கூடிப் பேசுதல் வேண்டும்.

கட்சிப் பூசல் இருக்கையில் இவை நடவா என்பது மற்றோர் ஆட்சேபம். பூசல் உள்ள ஊரில்தான் எழுதி வைத்த ஏற்பாடு அதிகம் தேவை. கூட்டத்திற்கு ஏழு நாட்களுக்கு முன்னரே தண்டோராப் போட்டு, பேச வேண்டிய விஷயத்தைத் தெளிவாய் அறிவித்தல். ஏரி மீன் ஏலம், மர ஏலம் ஆகியவற்றின் வரவையும் வேலைச் செலவையும் சுவரில் எழுதி வைத்தல். சென்ற கூட்டத்துத் தீர்மானம் நிறைவேறியதா என்பதை முதற்கண் கேட்டல் ஆகிய இம்மூன்றையும் தவறாது செய்தால், ஐயமும் பூசலும் பெரிதும் குறையும். விவசாய இலாகா உத்தியோகஸ்தரும், விதைக் கையிருப்பு, மண் பரிசோதனை முடிவு ஆகியவற்றுடன் சபைக்கு வந்து, கேட்ட கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

எல்லா ஊர்களிலும் எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் தொடங்க வேண்டியதில்லை. வரும் பங்குனியில் வற்றிய ஏரிக்குள் ஊரார் ஒருமுறை கூடி நடந்து பார்த்தால் போதும். அடைபட்ட மடையையும் மேடிட்ட வரத்துக்காலையும் தம் கண்ணாலேயே கண்டபின், சபையில் பேசுவதற்கு விஷயம் வேறு தேட வேண்டியிராது.