ஜூலை விழாவுக்கு அப்புறம்

ஊர்ச் சேவைச் சங்கத்தின் புதிய தலைவருக்கும், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஊர்க்காரனின் வணக்கம்.

ஜூலை வந்தால் நம் பக்கத்துச் சிறு நகரங்களில் பதவியேற்பு விழாக்கள் களைகட்டும். ரோட்டரிக்கும் அரிமா சங்கத்துக்கும் ஆண்டு ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் முடிகிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் கிடைப்பதும் சுலபம். நாற்சந்தியில் ஃபிளெக்ஸ், மேடையில் மாவட்ட ஆளுநர், பட்டயத் தலைவர், முன்னாள் தலைவர்கள் என்று நீண்ட வரிசை, ஆளுக்கொரு பொன்னாடை, ஏழைப் பெண்கள் இருவருக்குத் தையல் இயந்திரம். இத்தனைக்கும் நடுவில் பத்து நிமிடத்தில் ஒரு காரியம் நடந்து முடிந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களை மேடைக்கு அழைத்து, உறுதிமொழி வாசிக்கச் சொல்லி, சட்டையில் பின் குத்தி, படம் எடுத்துக் கீழே அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல். மேடையேறியவர்களில் எத்தனை பேர் அடுத்த ஜூனிலும் சங்கத்தில் இருக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு தலைவரின் ஆண்டை மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி. கட்டித்தந்த கழிப்பறைகளையும் நடத்திய முகாம்களையும் எண்ணுவது அதற்கு அடுத்தபடிதான்.

சேவைச் சங்கத்தில் சேவைதானே முதலில், உபசாரம் எதற்கு என்று கேட்பீர்கள். ரோட்டரி பிறந்த கதையைப் பார்த்தால் வரிசை வேறு மாதிரி இருக்கிறது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர் ஆகிய மூவரோடு உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது அது. வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூரில் வளர்ந்து பிழைப்புக்காகப் பெருநகரம் வந்தவர் ஹாரிஸ். ஊரில் கிடைத்த பழக்கவழக்கம் நகரத்திலும் வேண்டும் என்பதே அவருடைய தேவை. உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாற்றி மாற்றிக் கூடிப் பேசினார்கள். பொதுச் சேவை சில ஆண்டுகள் கழித்தே வந்தது. சிகாகோவில் பொதுக் கழிப்பறை அமைக்க 1907இல் எடுத்த முயற்சியிலிருந்து அந்தக் கணக்கு தொடங்குகிறது. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் சேர்ந்து செய்ய ஒரு காரியம் தேடினார்கள், கிடைத்தது. விழா உரைகளில் அதிகம் சொல்லப்படாத இன்னொரு செய்தியும் உண்டு. அந்த நால்வரில் இருவர், சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோயரும் தையற்காரர் ஹைரம் ஷோரியும், சில ஆண்டுகளே உறுப்பினர்களாக இருந்தார்கள். இத்தனைக்கும் முதல் கூட்டம் நடந்ததே லோயரின் அலுவலகத்தில்தான். நிறுவியவர்களிலேயே பாதிப் பேர் நிற்கவில்லை என்றால், போன ஜூலையில் பின் குத்திக்கொண்ட ஜவுளிக்கடைக்காரர் தானாகவே நின்றுவிடுவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

உலக அளவிலும் இதே கதைதான். ரோட்டரியின் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ கால் நூற்றாண்டாக 12 லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. ஆண்டுதோறும் புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள், ஆனாலும் கூட்டல் கழித்தலுக்குப் பின் கணக்கு அங்கேயேதான் வந்து நிற்கிறது. 2021-22இல் உலகத் தலைவராக இருந்த இந்தியர் சேகர் மேத்தா, ஒவ்வொருவரும் ஒருவரை அழைத்து வாருங்கள் என்று கேட்டு 13 லட்சத்தை இலக்காக வைத்தார். நல்ல முயற்சி. உலகக் கணக்கு அந்த இலக்கை எட்டவில்லை. அழைத்து வருவதில் நாம் மோசமில்லை, வந்தவரை வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர் இன்னும் வேகமாக ஊற்றினால் போதும் என்று நினைப்பதுபோல, மாவட்டத்திலிருந்து உறுப்பினர் சேர்க்கைக்கு இலக்கு வருகிறது. இலக்கை எட்டுவதற்காகச் சில ஊர்களில் தலைவரே சந்தா கட்டிப் பெயர்களைச் சேர்க்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெயர்களுக்கு முகம் கிடையாது. ஜூன் முடிந்ததும் அவை பட்டியலிலிருந்து போய்விடும்.

அப்படியானால் புதியவரை வரவேற்பது எப்படி? மாலையும் தேநீரும் அல்ல, அவருக்கென்று ஒரு வேலையைக் கையில் கொடுப்பதுதான் வரவேற்பு. அரிமா சங்கம் இதற்கு ஒரு பெரிய சாட்சி. மெல்வின் ஜோன்ஸ் 1917இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு எட்டு வயதாகும்போது, 1925இல், ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாயிண்டில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். வந்திருந்தவர்களைப் பாராட்டிவிட்டுப் போகாமல், பார்வையற்றோருக்காக உழைக்க வாருங்கள் என்று குறிப்பாக ஒரு பொறுப்பைக் கேட்டு ஒப்படைத்தார். நூறு ஆண்டுகளாகியும் அரிமா என்றால் கண் என்று ஊர் நினைக்கிறதே, அது அன்று கிடைத்த வேலையால் வந்தது.

நம் ஊருக்கு மிக அருகிலேயே இதன் செயல்முறை இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களைக் கவனித்துப் பாருங்கள். மருத்துவர்களும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வருகின்றன. இடம் பிடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, நோட்டீஸ் கொடுப்பது, வரிசையை ஒழுங்கு செய்வது, சாப்பாடு போடுவது போன்றவை உள்ளூரில் முகாமை ஏற்று நடத்துகிறவர்களின் பொறுப்பு. அரிமா, ரோட்டரி சங்கங்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்து வருகின்றன. அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் பேருந்தில் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். இதில் எத்தனை சின்னச் சின்ன வேலைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஏழாம் வார்டில் உள்ள முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை, ஜூலையில் சேர்ந்தவரிடம் ஆகஸ்டிலேயே கொடுக்கலாம். பயந்து பின்வாங்கும் பாட்டியைச் சமாதானப்படுத்தி ஒருமுறை பேருந்தில் ஏற்றி அனுப்பியவர், அவர் எப்படித் திரும்பி வருகிறார் என்று பார்க்கவாவது அடுத்த கூட்டத்துக்கு வருவார். நடப்பதோ வேறு. மூத்தவர்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்து முடித்துவிட்டு, புதியவரைக் குழுப்படத்தின் இரண்டாம் வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். அவர்கள் செய்தால் வேலை சுத்தமாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் சுத்தமாக முடிந்த வேலைக்குப் பத்து வருடம் கழித்து ஆள் இருக்காது.

எங்கள் உறுப்பினர்கள் கடை வைத்திருப்பவர்கள், மருத்துவர்கள், ஆடிட்டர்கள், அவர்களுக்கு நேரம் ஏது, காசோலை கொடுத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. நேரமின்மை பொய்யல்ல. வாரம் தவறாமல் வருகையைப் பார்த்த பழைய விதியை ரோட்டரியே 2016இல் தளர்த்தி, எப்படிக் கூடுவது என்று முடிவு செய்யும் உரிமையைச் சங்கங்களிடம் விட்டது. எனவே வராதவரைக் கண்டிக்கச் சொல்லவில்லை. ஆனால் காசோலையால் நடக்காத காரியங்கள் உண்டு என்பதற்குப் போலியோ ஒழிப்பைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. ரோட்டரி 1985இல் அதை உலகத் திட்டமாக அறிவித்தது. இந்தியாவில் 1995இல் பல்ஸ் போலியோ தொடங்கியது. இயற்கை போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி, 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தை. 2014 மார்ச் 27இல், இந்தியாவை உள்ளடக்கிய உலகச் சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது. அரசும் சுகாதாரப் பணியாளர்களும் சுமந்த பாரம்தான் பெரிது, அதை மறைத்துப் பெருமை பேச வேண்டியதில்லை. என்றாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொட்டு மருந்து மையத்தில் நின்றவர்களும், தெருவுக்குள் போய்க் குழந்தைகளைக் கூட்டி வந்தவர்களும் பணம் மட்டும் கொடுத்த உறுப்பினர்கள் அல்லர்.

போலியோவின் கணக்கு இன்னொரு மறுப்புக்கும் பதில் தருகிறது. ஒரு வருடத்தில் என்ன கிழித்துவிட முடியும் என்று எல்லாத் தலைவர்களும் கேட்கிறார்கள். 1985இலிருந்து 2014 வரை ஒவ்வொரு சங்கத்திலும் ஏறத்தாழ முப்பது தலைவர்கள் மாறியிருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரிலும் அந்தத் திட்டம் இல்லை, அதனால்தான் முப்பது பதவிக்காலங்களைத் தாண்டி அது நின்றது. ஓராண்டுப் பதவி என்பது பெரிய கட்டடம் எழுப்புவதற்குப் போதாத காலம். ஆனால் பதினைந்து பேரைப் பழக்கி எடுக்க அது தாராளம். நம் தலைவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தன் ஆண்டுக்கென்று தனியாக ஒரு திட்டம், அதற்கொரு கல்வெட்டு, அடுத்தவர் வந்ததும் அதற்குப் பூட்டு. பேருந்து நிலையத்தில் வறண்டு நிற்கும் குடிநீர்த் தொட்டியில் எந்த ஆண்டு, எந்தத் தலைவர் என்ற விவரம் மட்டும் தெளிவாக இருக்கும்.

யாரை வரவேற்காமல் விட்டோம் என்பதையும் பேச வேண்டும். கலிபோர்னியாவின் டுவார்ட்டே என்ற ஊரின் ரோட்டரி சங்கம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக அடுத்த ஆண்டே அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987இல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. 1989இல் ரோட்டரி தன் விதியை மாற்றிக்கொண்டது. உலகத் தலைவர் பதவிக்கு ஒரு பெண், ஜெனிபர் ஜோன்ஸ், வருவதற்கு 2022 ஆயிற்று. சட்டம் திறந்த கதவு வழியே வந்த ஒரு பெண் தலைமை நாற்காலியில் உட்காரவே முப்பது வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. நம் ஊரில் விதிப்புத்தகம் யாரையும் தடுப்பதில்லை. தடுப்பது வேறு. ஓர் உறுப்பினர் அழைத்தால்தான் இன்னொருவர் வர முடியும் என்பதால், அழைப்பு சொந்தக்காரர், சம்பந்தி, ஒரே சமூகத்து வியாபாரி என்று சுற்றிச் சுற்றி வருகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை என்று சொல்லலாம். இருக்கட்டும், பட்டியலை எடுத்து எந்தெந்தத் தெருவிலிருந்து ஆள் இல்லை என்று பாருங்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் முகாம் நடத்துவோம், அங்கிருந்து படித்து வேலைக்குப் போன ஆசிரியையை உறுப்பினராக அழைக்க மாட்டோம் என்றால், அந்த முகாமை அந்த மக்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்? சந்தாவும் ஒரு தடைதான். அதில் ஒரு பகுதி மேலே போக வேண்டும், அதைக் குறைக்க நம்மால் முடியாது. ஆனால் நட்சத்திர ஓட்டல் சாப்பாடும் விழாச் செலவும் நாமே ஏற்றிக்கொண்ட சுமை. ஓர் உறுப்பினரின் அச்சகத்திலோ பட்டறையிலோ கூடுங்கள், அவர் தன் தொழிலைப் பற்றி அரை மணி நேரம் பேசட்டும். சிகாகோக்காரர்கள் அப்படித்தான் கூடினார்கள். நடவடிக்கைகள் தமிழில் நடந்தால், ஆங்கிலத்துக்குக் கூசி வாய் திறக்காத நாலு பேர் பேசுவார்கள்.

ஊரை விட்டுப் போனவனுக்கு இந்த உபதேசம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வெளிநாட்டில் இருக்கும் எங்களால் எளிதாகச் செய்யக்கூடியது பணம் அனுப்புவதுதான். அது எளிது என்பதாலேயே அதன் போதாமையும் எங்களுக்குத் தெரிகிறது. ரோட்டரியின் உலக நிதியுதவிக்கு இரண்டு நாட்டுச் சங்கங்கள் கைகோக்க வேண்டும், திட்டம் குறைந்தது 30,000 டாலர் மதிப்பில் இருக்க வேண்டும். அந்தத் தொகை எங்களுக்குத் திரட்ட முடியாததல்ல. அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தரலாம். அது பழுதானால் தொழில்நுட்பரைக் கூப்பிடவும், தண்ணீர்ச் சுத்திகரிப்பைக் கவனிக்கவும், வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கவும் ஊரில் ஆள் வேண்டும். அவரை இங்கிருந்து அனுப்ப முடியாது. ஊரின் இளைஞர்களில் பாதிப் பேர் எங்களைப் போலவே வெளியேறுகிறார்கள் என்பதால் மிச்சமிருப்பவர்களில் ஒருவரைக் கூட மனம் சலித்துப் போகவிட உங்களுக்கு வசதியில்லை.

ஆகவே நன்கொடை கேட்டு நீங்கள் எழுதும்போது திட்ட மதிப்பீட்டோடு இன்னொரு தாளையும் இணைத்து அனுப்புங்கள். கடந்த மூன்று ஜூலைகளில் சேர்ந்தவர்களின் பெயர், அவர்களில் இன்னும் இருப்பவர்கள், ஒவ்வொருவர் கையிலும் இப்போது உள்ள வேலை, விலகியவர்கள் சொன்ன காரணம். விலகியவரிடம் இதுவரை யாரும் காரணம் கேட்கவில்லை என்றால், புதிய தலைவர் தன் முதல் வாரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். மதிப்பீட்டைவிட அந்தத் தாளைத்தான் நாங்கள் முதலில் படிப்போம்.

அன்புடன்,
கடல் கடந்த உங்கள் ஊர்க்காரன்