போர்த்துக்கீசிய வினாக்களில் குரலேற்ற இறக்கம்: அணியா, இலக்கணமா?

பேச்சில் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் உணர்ச்சிக்குரிய அணியாகக் கொண்டு, இலக்கண ஆராய்ச்சிக்கு வெளியே நிறுத்தும் போக்கு இன்றும் காணப்படுகிறது. போர்த்துக்கீசிய வினாத்தொடர்கள் இக்கருத்துக்கு இடந்தருவதில்லை.

'அ மரீயா கொம்ப்ரோ உ லீவ்ரு' என்பது 'மரியா புத்தகத்தை வாங்கினாள்' எனப் பொருள்படும். இதனை ஆம், இல்லை என்னும் விடை வேண்டும் வினாவாக்கச் சொல்வரிசையை மாற்றவோ வினாச்சொல்லைச் சேர்க்கவோ வேண்டியதில்லை. குரலின் போக்கு மாறினாலே போதும். லிஸ்பன் வழக்கில், இறுதி அழுத்த அசையாகிய 'லீ' என்பதில் குரல் இறங்கித் தொடர்முடிவில் ஏறுகிறது. ரியோ டி ஜெனிரோ, சாவோ பாவுலோ வழக்குகளில் அவ்வசையில் ஏறி, அதன்பின் இறங்குகிறது. ஆகவே, வினாவின் இறுதியில் குரல் உயரும் என்னும் பொதுவிதி ஒரு மொழிக்குள்ளேயே நிலைபெறவில்லை. 'யார்', 'எங்கே' என்பவற்றுக்கு நிகரான வினாச்சொற்கள் வருமிடத்துக் குரல் பெரும்பாலும் இறங்கியே முடிகிறது. அங்கு வினாப்பொருளைச் சொல்லே உணர்த்திவிடுகிறது.

வலியுறுத்தலும் இவ்வழியே அமைகிறது. வாங்கியவள் மரியாதானா என்பதே ஐயமாயின், 'மரீயா' என்பதன் 'ரீ' அசை குரலின் முதன்மைத் திருப்பத்தை ஏற்கிறது. பின்வரும் சொற்கள் எடுப்பிழக்கின்றன. 'ஃபோய் அ மரீயா கெ கொம்ப்ரோ உ லீவ்ரு' என்னும் பிளவுத்தொடரும் இப்பணிக்கு உண்டு. எனினும் அது கட்டாயமன்று.

தமிழின் நிலை வேறு. ஆ, ஏ, ஓ ஆகியவற்றை வினாவெனத் தொல்காப்பியம் சுட்டுகிறது. இன்றைய தமிழில் 'ஆ' சேரும் இடமே ஐயத்தின் இடத்தைக் காட்டுகிறது: 'மரியாவா புத்தகத்தை வாங்கினாள்?', 'மரியா புத்தகத்தையா வாங்கினாள்?', 'மரியா புத்தகத்தை வாங்கினாளா?'. போர்த்துக்கீசிய எழுத்தில் இம்மூன்றும் ஒரே வரிவடிவம் பெறலாம். வினாக்குறி ஐயத்தின் இடத்தைச் சுட்டாது. மொழிபெயர்ப்பாளரோ 'ஆ'வை ஓரிடத்தில் வைத்தே ஆக வேண்டும். பழக்கம்பற்றி எப்போதும் வினைமுற்றோடு சேர்ப்பாராயின், நாடக உரையாடலில் பாத்திரத்தின் உள்ளமும், வாக்குமூலத்தில் கேள்வியின் குறியும் பிறழும்.

குரல் ஆளுக்காள் வேறுபடுவதால் இலக்கணமாகாது எனச் சிலர் மறுக்கக்கூடும். வேறுபடுவது குரலின் உயரமே. திருப்பம் நிகழும் அசை அவ்வவ் வழக்கில் நெறிப்பட்டே உள்ளது. நெறிப்பட்டுப் பொருள் வேறுபடுத்துவது இலக்கணமே.

பதினாறாம் நூற்றாண்டில் என்றிக்கே என்றிக்கஸ் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் வகுத்தார். அத்துணைப் பழமையுடைய இவ்விருமொழி உறவை ஆராய்வோர் கடன்சொற்களோடு நின்றுவிடலாகாது. அச்சுத்தொடர்களை மட்டும் ஒப்பிடாமல், ஒலிப்பதிவுகளையும் சூழலையும் சான்றாகக் கொள்ளும்போதே வினா பற்றிய ஒப்பாய்வு முழுமை பெறும்.