எண்ணாய்ப் பயணம் செய்யும் எழுத்து

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. அவ்விரண்டும் கணிப்பொறியினுள் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே எழுத்து என்று தனியே ஒன்றில்லை. எண் மட்டுமே உண்டு. 'ஒரே இணையப் பக்கம் ஒரு கணிப்பொறியில் ஒருவாறாகவும் மற்றொன்றில் வேறாகவும் தோன்றுவது ஏன்?' என்று மாணவர் வினவுங்கால், விடை இவ்வுண்மையிலிருந்தே தொடங்க வேண்டும். எனினும் அவ்வினாவிற்கு விடை கூறுவதோடு இக்கட்டுரை நின்றுவிடவில்லை. அவ்விடையின் வழியே நம் துறைக்கும் சமுதாயத்திற்கும் ஒரு கடமை புலப்படுகின்றது; அதனை வலியுறுத்துவதே என் நோக்கம்.

மூன்றாவது வடிவம்

எழுத்திற்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டினை இலக்கண நூலார் வகுத்தனர். கணிப்பொறி மூன்றாவதாக எண்வடிவத்தைத் தந்துள்ளது. ஓர் இணையப் பக்கம் நம்மை வந்தடையும்போது, 'அ' என்னும் வரிவடிவம் வருவதில்லை. அதற்குரிய எண்ணே வருகின்றது. யூனிகோடு முறையில் 'அ'வின் எண் 2949. 'க'வின் எண் 2965. அந்த எண்ணிற்கு உடலும் உருவும் கொடுப்பது, படிப்பவரின் கணிப்பொறியில் உள்ள எழுத்துரு ஆகும். எனவே அனுப்புபவர் எண்ணை அனுப்புகிறார்; பெறுபவரின் பொறி அதனை வரைந்து காட்டுகிறது. வரைபவர் வேறுபட்டால் வடிவும் வேறுபடும் அன்றோ?

தோற்றம் மாறுவது ஏன்?

பக்கத்தை அமைப்பவர், 'இன்ன எழுத்துருவில் காட்டுக. அஃது இல்லையேல் இன்னதில் காட்டுக' என்று ஒரு பட்டியலைக் குறிப்பிடலாம். படிப்பவரின் பொறியில் அவற்றுள் எதுவும் இல்லையெனில், உலாவி தன்னிடம் உள்ளதைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும். விண்டோஸ் 2000இல் தமிழுக்கு 'லதா' என்னும் எழுத்துரு அமைந்தது. விண்டோஸ் 8 முதல் 'நிர்மலா' வந்தது. ஆப்பிள் கருவிகளில் 'தமிழ் சங்கம்' என்பதும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'நோட்டோ' என்பதும் உள்ளன. ஒரே செய்தி மூன்று கருவிகளில் மூன்று முகங்களுடன் தோன்றுவதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாவது, அளவு. பன்னிரண்டு புள்ளி என்று ஒரே அளவைக் குறித்தாலும், ஓர் எழுத்துருவில் எழுத்துகள் பெருத்தும் மற்றொன்றில் சிறுத்தும் அமையும். எழுத்திற்கு ஒதுக்கிய இடத்தில் எவ்வளவை நிரப்புவது என்பதை எழுத்துருவை வரைந்த கலைஞரே முடிவு செய்கிறார். மூன்றாவது, திரை. எழுத்தின் ஓரங்களை மென்மையாக்கிக் காட்டும் முறை இயங்குதளந்தோறும் வேறுபடுவதால், ஒரே எழுத்துருவும் ஒன்றில் தடித்தும் மற்றொன்றில் மெலிந்தும் தெரியும். பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தே அனுப்பும் முறை இன்று பரவலாக உள்ளது. அதற்கான 'வொஃப்' என்னும் வடிவம் 2012இல் உலகத் தரமாயிற்று. அதனால் வேறுபாடு குறைந்ததே ஒழிய, முற்றிலும் மறையவில்லை.

இவையனைத்தும் உடை மாற்றம் போன்றவை. ஆடை மாறினாலும் ஆள் மாறுவதில்லை; இவற்றைக் குறித்துக் கவலை கொள்ள வேண்டுவதில்லை. கவலை வேறோரிடத்தில் உள்ளது.

ஆளே மாறிய காலம்

ஆங்கிலத்திற்கென வகுக்கப்பட்ட ஆஸ்கி முறையில் 128 இடங்களே இருந்தன. பின்னர் அவை 256 ஆக விரிந்தன. யூனிகோடு பரவுவதற்கு முன்னர்த் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர், இவ்விடங்களிலேயே தமிழைக் குடியமர்த்தினர். 'பாமினி' எழுத்துருவில், ஆங்கிலச் சிறிய 'எம்' எழுத்தின் எண்ணாகிய 109இல் 'அ' அமர்ந்தது. பிறர் வேறு இடங்களைத் தெரிந்தெடுத்தனர். ஆளுக்கொரு நெடுங்கணக்கு! குறிப்பிட்ட அந்த எழுத்துரு இல்லாத பொறியில் 'அம்மா' என்னும் சொல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்ச் சிதறியது.

இக்குழப்பத்தைத் தீர்க்க, 1999இல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' என்னும் தரங்கள் வகுக்கப்பட்டன. இணையத் தமிழார்வலர்கள் 'திஸ்கி' என்னும் முறையை உருவாக்கினர். 1991இல் வெளிவந்த யூனிகோடு உலக மொழிகள் பலவற்றிற்கும் தனித்தனி எண்களை ஒதுக்கியது. 2010இல் தமிழக அரசும் யூனிகோட்டையும், அதனைக் கையாள இயலாத இடங்களுக்கு 'டேஸ் 16' முறையையும் தரமாக ஏற்றது. அதன் பின்னரும் பழைய எழுத்துருக்களை விடாத அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் உள.

என் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கான ஏட்டினை ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்து உருவாக்கினேன். அதன் குறுந்தகட்டை அண்மையில் திறந்தபோது, ஒரு சொல்லையும் என்னால் படிக்க இயலவில்லை. எழுதியவனே தன் எழுத்தைப் படிக்க இயலாத நிலை! தாள் படி ஒன்று என்னிடம் எஞ்சியிருந்தமையால் அவ்வுழைப்பு பிழைத்தது. தாளும் எஞ்சாதவை எத்தனை எத்தனையோ?

மௌலவியும் 'மெளலவி'யும்

நம் சமுதாய எழுத்துகளில் இச்சிக்கல் மேலும் ஒரு வகையில் புகுந்துள்ளது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கும் 'ள'கரத்திற்கும் ஒரே உரு பயன்பட்டது. அப்பழக்கத்தால் இன்றும் 'மௌலவி' என்பதை 'மெ', 'ள' எனத் தனித்தனியே தட்டச்சு செய்கின்றனர். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஔகாரக் குறியைச் சிறிதாக வரைந்த எழுத்துருக்களிலோ பிழை வெளிப்பட்டுவிடும். கண் ஏமாறலாம், எண் ஏமாறாது. 'மௌலவி' என்று தேடுபவருக்கு 'மெளலவி' என்று பிழைபட எழுதிய கட்டுரை கிட்டாமற் போகலாம். 'தௌஹீது', 'மௌலூது' போன்ற சொற்களுக்கும் இதே நிலைதான்.

அரபு, உருது மொழிகளிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. உருதுச் சொல் ஒன்றை ஓர் எழுத்துரு நஸ்க் வடிவிலும் மற்றொன்று நஸ்தலீக் வடிவிலும் காட்டும், எண்கள் ஒன்றே. நபிகள் நாயகத்தின் திருப்பெயரை அடுத்து எழுதும் ஸலவாத்து வாசகம் முழுவதற்கும் யூனிகோட்டில் ஒரே எண் உள்ளது. அதற்குரிய வடிவம் எந்த எழுத்துருவிலும் இல்லாத பொறியில், அவ்விடத்தில் வெறுங்கட்டம் ஒன்றே தோன்றும். ஆகவே அதனை இடுவோர், வேறு கருவிகளிலும் ஒருமுறை திறந்து பார்த்தல் நலம்.

நாம் செய்ய வேண்டுவன

'பி.டி.எஃப். வடிவில் வைத்தால் எங்கும் ஒன்றுபோலத் தெரியுமே, வேறென்ன வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். எழுத்துருவையும் உள்ளடக்கிக்கொள்வதால் அஃது ஒன்றுபோலத் தெரிவது உண்மையே. ஆயினும் பழைய எழுத்துருவில் அமைந்த கோப்பினுள் இருப்பவை பழைய எண்களே. அதனுள் ஒரு சொல்லைத் தேட இயலாது. ஒரு பத்தியைப் பெயர்த்து வேறிடத்தில் இட்டால் அது மீண்டும் சிதறும். காண்பதற்கு உரியது பயன்கொள்வதற்கு ஆகாது எனின், அது கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிய நூலே.

ஆதலால் மூன்று செயல்களை முன்மொழிகின்றேன். முதலாவது, இனி நம் துறைக்கு வரும் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் யூனிகோடு முறையிலேயே அமைதல் வேண்டும். இரண்டாவது, கல்லூரியிலும் பள்ளிவாசல்களிலும் பெரியோர் இல்லங்களிலும் பழைய எழுத்துருக்களில் உறங்கும் மலர்களையும் உரைகளையும் திரட்டி, எழுத்துருமாற்றிகளைக் கொண்டு மாற்ற வேண்டும். மூன்றாவது, மாற்றியதைப் பொறியிடமே விட்டுவிடாமல், மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஔகாரம் எது, ளகரம் எது என்று தெளிந்து கூறத் தமிழ் கற்றவரே வேண்டும். இது கணிப்பொறித் துறையினர்க்கு மட்டும் உரிய பணி அன்று. தமிழ்த்துறை மாணவர்க்கே உரிய பணி.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றியவர் செய்கப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள். ஓலையிலிருந்து அச்சிற்கு அவர் கொண்டு வந்தமையால் அக்காப்பியம் நம் கைகளில் தவழ்கின்றது. அதே போன்றதொரு திருப்பத்தில் நாம் நிற்கின்றோம். எழுத்தின் தோற்றம் திரைக்குத் திரை மாறட்டும். அதனால் குறையொன்றும் இல்லை. எழுத்தின் எண் மாறாதிருத்தல் வேண்டும். அதற்கான உழைப்பை இவ்வாண்டு மாணவர்களே தொடங்குவார்களாயின், வருங்காலத் தலைமுறை நம்மை வாழ்த்தும். இறைவன் அதற்குத் துணை நிற்பானாக!