தாய்மையும் இசைப்பணியும்

பள்ளி விழாவில் நம்முள் ஒருத்தி இனிமையாகப் பாடிவிட்டால், "இவள் பெரிய பாடகியாக வருவாள்" என்று பெரியோர் வாழ்த்துகின்றனர். அதே பெரியோர் சற்று நேரம் கழித்து, "கல்யாணமாகிக் குழந்தை குட்டி என்று வந்துவிட்டால் பாட்டாவது, கூத்தாவது!" என்றும் சொல்லிவிடுகின்றனர். இவ்விரண்டில் நாம் எதை நம்புவது? தாயான பெண் இசைத்துறையில் உயர முடியாதா? நூலகத்தில் நாங்கள் படித்த ஒரு பெண்மணியின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரில் 1819 ஆம் ஆண்டு பிறந்தவர் கிளாரா ஷூமன். தந்தையிடம் பியானோ பயின்று, 11 வயதிலேயே தனிக் கச்சேரி செய்தார். 1840 இல் இசைமேதை ராபர்ட் ஷூமனை மணந்தார். எட்டுக் குழந்தைகளுக்குத் தாயானார். கணவர் இசையமைக்கும் வேளையில் வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்பதால், அவர் தம் பியானோவைத் தொடாமல் இருக்க நேர்ந்தது. புகழ்பெற்ற கலைஞருக்கே இந்த நிலை!

1854 இல் கணவர் மனநோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, எட்டாவது குழந்தை கிளாராவின் வயிற்றில் இருந்தது. 1856 இல் கணவர் மறைந்தார். ஒரு குழந்தை முன்பே இறந்துவிட்டது. எஞ்சிய ஏழு பிள்ளைகளையும் காக்கும் பொறுப்பு அவர் தலைமேல் விழுந்தது. அவர் கலங்கி உட்காரவில்லை. இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் சென்று வாசித்தார். அவ்வருவாயால் பிள்ளைகளை வளர்த்தார். 1878 இல் பிராங்பர்ட் நகர இசைக்கல்லூரியில் ஆசிரியை ஆனார். 70 வயதைக் கடந்த பின்னும் மேடையேறினார்.

"மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று இங்கே முடித்துவிடலாம். ஆயினும் முழு உண்மையையும் சொல்ல வேண்டுமன்றோ? தாய் ஊர் ஊராகச் சென்றபோது, பிள்ளைகளில் சிலர் விடுதிப் பள்ளிகளிலும் சிலர் பிறர் வீடுகளிலும் வளர்ந்தனர். மூத்த மகள் மேரி தாய்க்கு வலக்கையாக இருந்தாள். இளமையில் அழகிய இசைப் படைப்புகளை இயற்றிய கிளாரா, கணவரின் மறைவுக்குப் பின் அநேகமாக எதுவும் இயற்றவில்லை. ஆகவே, மனம் மட்டும் போதவில்லை; உதவும் கைகளும் வேண்டியிருந்தன. ராபர்ட்டும் அதே எட்டுப் பிள்ளைகளின் தந்தைதான். "குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படி இசையமைத்தீர்?" என்று தந்தையரை யாரேனும் கேட்பதுண்டா?

ஜெர்மனி இருக்கட்டும், நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் பீரோவின்மேல் உறையிட்ட வீணை ஒன்று உள்ளது. அவள் அம்மா மணமாகுமுன் வாசித்த வீணை அது. "இப்போது ஏன் வாசிப்பதில்லை?" என்று கேட்டோம். "அம்மாவுக்கு நேரமில்லை" என்றாள். அந்த நேரம் எங்கே போயிற்று? காலையில் நமக்குத் தலை பின்னுவதில் போயிற்று; சாப்பாடு கட்டுவதில் போயிற்று; நம் சீருடையைத் துவைத்துத் தேய்ப்பதில் போயிற்று. அதை எடுத்துக்கொண்டவர்கள் அயலார் அல்லர், நாமே!

"குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் பாடப் போகலாமா?" என்று சிலர் கேட்பர். போக வேண்டாம், எந்தத் தாயும் போகமாட்டாள். ஆனால் காய்ச்சல் தினமும் வருவதில்லையே!

ஆகையால், தாய்மையும் இசையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே நம் கருத்து. வீட்டு வேலை முழுவதையும் ஒருத்தியின் தலையில் சுமத்துவதே இசைக்குப் பகை. அப்பாக்களும் அண்ணன் தம்பியரும் இதில் பங்கேற்க வேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகிறோம். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நமக்குத் தலை பின்னிக்கொள்ளத் தெரியாதா? சீருடையைத் துவைக்கத் தெரியாதா? நாளைக்கே தொடங்குவோம். மிச்சமாகும் அரைமணி நேரத்தை அம்மாவுக்குக் கொடுத்து, "வாசியுங்கள் அம்மா, கேட்கிறோம்" என்போம். நாளை நாம் தாயாகும்போது, நம் பிள்ளைகளும் நம்மிடம் அவ்வாறே சொல்வர்.

வாழ்க தாய்மை! வளர்க இசை!