தந்தையார் விட்டுச்சென்ற கத்தி

ஜூஜுவாடியில் மார்கழிப் பனி இறங்கிவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் இரும்புக்கும் வியர்க்கும். தந்தையார் நமக்கு விட்டுச்சென்ற சவரக் கத்தியைச் சென்ற வருஷம் ஈரத்தோடு தோலுறையிலிட்டு மூடிவைத்தோம். பத்தாம் நாள் பார்த்தால் அலகெங்கும் செம்புள்ளிகள்! குற்றம் பனியினுடையதன்று; நம் சோம்பலினுடையது.

துருவுக்கு வேண்டியவை ஜலமும் பிராணவாயுவுமே. சோப்பு நுரை ஈரத்தைப் பிடித்துவைக்கும்; உறையோ அதை வெளியே விடாது. 1913இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்து துருவேறா எஃகு வார்த்தார். பழைய கத்திகளுக்கு அந்தப் பாக்கியமில்லை.

ஆகவே, சவரம் முடிந்ததும் கத்தியை அலசி, மெல்லிய துணியால் முதுகிலிருந்து வாய்ப்புறமாகத் துடைக்க வேண்டும். மடிப்பின் இடுக்கை மறக்கலாகாது. சற்று நேரம் திறந்தபடி உலரவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி தடவி, ஸ்நான அறைக்கு வெளியே வைப்பது உத்தமம்.

நம் கத்தியைத் தீட்டிச் சீர்ப்படுத்திவிட்டோம். ஒரு வடு மாத்திரம் போகவில்லை. அதைக் காட்டித்தான் மகனிடம் ஒப்படைக்கப்போகிறோம்.