கறள் பிடித்த கத்தியை வீசிவிடாதீர்கள்



ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நாயாற்றுப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கறளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்பில் ஈரமும் காற்றும் பட்டால் கறள் பிடிக்கும். உப்புக் காற்றும் சேர்ந்தால் இன்னும் வேகமாகப் பிடிக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுத்த கத்தியை அடுத்த பெருநாள்வரை மூலையில் போட்டுவைத்தால் அது செம்மண் நிறமாகிவிடும். அதற்காகப் புதுக்கத்தி வாங்க வேண்டியதில்லை. குசினியில் இருப்பதைக் கொண்டே பழையதை மீட்டுவிடலாம்.

அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் வீடுவாசலோடு மண்வெட்டி, கோடரியையும் விட்டுத்தான் போயின. 2009இல் போர் முடிந்தபின் திரும்பி வந்தவர்கள் வளவைத் துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் பழைய இரும்பு தட்டுப்படலாம். அது மண்வெட்டி, கோடரி என்று தெளிவாகத் தெரியாவிட்டால் தொடாதீர்கள், தட்டாதீர்கள், சுரண்டாதீர்கள். கறள் மூடிய வெடிபொருள் எத்தனை வருடம் போனாலும் வெடிக்கக்கூடும். பிள்ளைகளை விலக்கிவிட்டு, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ உடனே அறிவியுங்கள்.

இனிச் செய்முறையைப் பார்ப்போம்.

கருவியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மண்ணையும் எண்ணெய்ப்பசையையும் போக்குங்கள். மரப்பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். ஊறினால் பிடி கெட்டுவிடும். பிளாஸ்டிக் பேசினில் இரும்பு மூழ்கும் அளவுக்கு வினாகிரி ஊற்றி, ஓர் இரவு ஊறவிடுங்கள். அலுமினியச் சட்டியும் நாகம் பூசிய வாளியும் வேண்டாம். புளிப்பு அவற்றையும் அரித்துவிடும். காலையில் தேங்காய்த் தும்பால் அல்லது கம்பித் தூரிகையால் தேய்த்தால் கறள் கழன்று வரும். ஒரு நாளுக்குமேல் ஊறவிட்டால் நல்ல இரும்பும் கரையத் தொடங்கும்.

கறள் கொஞ்சம்தான் என்றால் உப்பைத் தூவி, தேசிக்காய்ச் சாறு பிழிந்து, 2 அல்லது 3 மணித்தியாலம் வையுங்கள். பிறகு அந்தத் தேசிக்காய்த் தோலாலேயே தேய்த்தால் போதும்.

பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். மறுநாளே கறள் திரும்பி வருவது அதனால்தான். இரும்பில் தங்கிய புளிப்பும் உப்பும் போக வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, அதில் சிறிது நேரம் போட்டு வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் காயவையுங்கள். சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள். சமையல் கத்திக்குத் தேங்காய் எண்ணெய். மண்வெட்டி, கோடரிக்குப் பழைய மெஷின் எண்ணெயே போதும்.

கவனிக்க வேண்டியவை: வினாகிரியோடு கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைச் சேர்க்கவே கூடாது, மூச்சை அடைக்கும் நச்சுவாயு கிளம்பும். மலசலகூடம் கழுவும் அசிட்டும் இதற்கு வேண்டாம். தேய்க்கும்போது கை கிழிந்தால், சின்னக் காயம்தானே என்று இருந்துவிடாதீர்கள். ஏற்புவலி கறளால் வருவதல்ல. மண்ணிலும் அழுக்கிலும் உள்ள கிருமியால் வருவது. காயத்தைச் சவர்க்காரத்தால் கழுவி, ஊசி போட வேண்டுமா என்று வைத்தியரைக் கேளுங்கள்.

கறளைப் போக்குவது ஒருநாள் வேலை. அது திரும்பாமல் காப்பது தினமும் ஒரு நிமிட வேலை. வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை தடவி, நிலத்தில் படாமல் தொங்கவிடுங்கள். மூத்தம்மா காலத்துக் கத்தி பேத்தியின் கைக்கும் உதவும்.