மறைய வேண்டியது குழந்தையின் பெயர். நீதியின் காரணம் அல்ல

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஜமாஅத்துக்கு வரும் மணமுறிவுப் பிரச்சினைகளில் மஹரும் சீரும் பேசி முடித்த பிறகும் தீராமல் நிற்பது ஒரு கேள்வி: பிள்ளை யாரிடம் வளர்வது? ஜமாஅத் சமரசம் பேசலாம். சட்டப்படி முடிவு சொல்வது நீதிமன்றம்தான்.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984-இன் 11-ஆவது பிரிவுப்படி, தரப்பினரில் ஒருவர் கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். பிள்ளையின் மானம் சந்திக்கு வரக்கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு இது. ஆனால் என்ன காரணத்துக்காக ஒரு பிள்ளை தாயிடமோ தந்தையிடமோ ஒப்படைக்கப்பட்டது என்பதும் அதோடு மறைந்துவிடுகிறது. அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்புகிறது. ஆளுக்கொரு கதையாக, பிள்ளையின் பெயரும் படமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. மறைய வேண்டியது வெளியே வருகிறது. தெரிய வேண்டியது மறைகிறது.

சுதந்திரமான செய்தி என்ன செய்யும் என்பதற்குத் திருவனந்தபுரத்தில் 2021-இல் நடந்தது சாட்சி. பெற்ற குழந்தையைத் தன் சம்மதமின்றிப் பிரித்துவிட்டதாக ஓர் இளம் தாய் பல மாதங்கள் புகாரோடு அலைந்தார். குழந்தையோ கேரள மாநிலக் குழந்தைகள் நல கவுன்சில் வழியாக ஆந்திரத் தம்பதியிடம் தத்துக்குப் போயிருந்தது. அக்டோபரில் ஊடகங்கள் இதை எழுதின. தத்து நடைமுறையைக் குடும்ப நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. டி.என்.ஏ. சோதனைக்குப் பின், நவம்பர் 24 அன்று குழந்தை தாயிடம் வந்தது. அன்போடு வளர்த்த அந்தத் தம்பதிக்கும் அது பெரும் இழப்பு. புகார் வந்த அன்றே கவனித்திருந்தால் இரு வீட்டாருக்கும் இந்த வேதனை இருந்திருக்காது. இங்கே மக்கள் பார்க்க வேண்டியிருந்தது குழந்தையின் முகத்தை அல்ல, அதிகாரிகளின் நடத்தையை.

இங்கிலாந்தில் சாரா ஷெரீஃப் என்ற சிறுமி தந்தையிடம் வளர 2019-இல் குடும்ப நீதிமன்றம் அனுமதித்தது. 2023 ஆகஸ்டில், பத்து வயதில், அவள் கொல்லப்பட்டாள். தந்தையும் சிற்றன்னையும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பழைய வழக்கின் ஆவணங்கள் வெளிவந்தது பத்திரிகையாளர்கள் போராடிய பிறகுதான். 2025 ஜனவரி 27 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் குடும்ப நீதிமன்ற வழக்குகளைப் பற்றி, குழந்தையின் அடையாளத்தை மறைத்து, செய்தியாளர்கள் எழுத வழி திறக்கப்பட்டுள்ளது.

இத்தகைய ஏற்பாடு நமக்கும் வேண்டும். பெயர் நீக்கிய தீர்ப்புகள் வெளியாகட்டும். நிபந்தனையோடு செய்தியாளர் அனுமதிக்கப்படட்டும். எல்லையும் உண்டு: பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை ஆகியோரின் அடையாளத்தை வெளியிட்டால், சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அதுவரை நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை உண்டு. தீர்ப்பின் நகலை வாங்கி, அதில் சொன்ன காரணத்தைப் படியுங்கள். தவறெனத் தோன்றினால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பிறர் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய செய்தி கைபேசிக்கு வந்தால், செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் இறைக்கட்டளையை (49:6) நினைத்து, அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் நம்மோடு நிறுத்துவோம்.